தவிட்டுக்கு விற்ற மலை

கடல் வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, பொம்பளைகள் ஏழாம் நம்பர் காட்டுக்குக் கொழுந்தெடுக்க இறங்குகிற நேரத்தில். முந்தின நாள் வரைக்கும் பள்ளத்தாக்கும், பள்ளத்தாக்குக்கு அந்தாண்டை சோலைக்காடும், காட்டுக்கும் அந்தாண்டை கேரளத்து மலைகளும் தெரிந்துகொண்டிருந்த இடத்தில், இப்போது கண்ணுக்கெட்டின மட்டும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் கிடந்து புரண்டது. அலை வந்து தேயிலைத் தூரில் மோதி நுரைத்துவிட்டுத் திரும்பிப் போனது. முன்னால் இறங்கிய சீனித்தாய் கல்யாணமான புதிதில் திருச்செந்தூர் போய்க் கடல் பார்த்து வந்தவள், அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. "கடலு வந்திருக்குளா" என்று பின்னால் வந்தவளிடம் சொன்னாள். அவள் தனக்குப் பின்னால் வந்தவளிடம் சொன்னாள், இப்படியே நிரை முழுக்கச் சேதி ஏறி, கடைசியில் மேஸ்திரி காதுக்குப் போய், அவர் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "வந்தா வந்துட்டுப் போவுது, நீங்க மேல் நிரையிலேர்ந்து ஆரம்பிங்க" என்றார். அன்றைக்கு யாருக்கும் கொழுந்து எடை குறையவில்லை.

ஆனால் கடலைப் பார்த்த கையோடு சீனித்தாயின் கண் போனது வேறொரு இடத்துக்கு. ஏழாம் நம்பர் காட்டின் அடிக்கோடியில் பிள்ளைகளைப் புதைக்கிற மூலை இருந்தது. பெரியவர்களுக்கு ஆற்றோரத்தில் தனிச் சுடுகாடு. பால்குடி மறக்காததையும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததையும் அவ்வளவு தூரம் தனியே அனுப்ப யாருக்கு மனசு வரும்? அதனால் தாய்க்காரி வேலை செய்கிற காட்டிலேயே ஒரு மூலையில் வைத்து, மேலே ஒரு தேயிலைக் கன்றை ஊன்றிவிடுவது அந்த மலை வழக்கம். அந்தச் செடியில் யாரும் கொழுந்து கிள்ளமாட்டார்கள், கவ்வாத்து வெட்டமாட்டார்கள். கிள்ளாமல் விட்ட தேயிலை செடியாக நிற்காது, மரமாக வளர்ந்து வெள்ளையாய்ப் பூக்கும். சீனித்தாயின் ஒரே மகள் செண்பகம் ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு போனவள். அவள் தலைமாட்டில் வைத்த கன்று இப்போது சீனித்தாயின் தலையைத் தாண்டி வளர்ந்து பூத்து நின்றது. அதிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் கீழேதான் அலை அடித்தது.

அந்த மலைக்கு ரெண்டு பெயர். கூலி ஜனங்கள் வாயில் அது மொட்டப்பாறை, உச்சியில் ஒரு வழுக்கைப் பாறை இருக்கிறபடியால். ஆபீசிலும் தேயிலைப் பெட்டியிலும் அது எல்டர்விக். மொட்டப்பாறைக்குச் சரித்திரம் கிடையாது, பார்த்தாலே புரிந்துவிடும். எல்டர்விக்குக்குத்தான் பெரிய கதை. அதை எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஜெபராஜ், செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் படித்து, டீக்கடையில் வைத்துச் சொன்னான். இங்கிலீஷ்காரன் தேசத்தில், கீழ்க்கடற்கரையில், எல்டர் என்கிற புதர் மண்டிக்கிடந்த மேட்டில் யாரோ நாலு பேர் மாட்டைக் கட்டிப் பால் கறந்தார்களாம். அவர்கள் பாஷையில் விக் என்றால் பட்டி. "நம்ம ஆவாரம்பட்டி, எருக்கம்பட்டி மாதிரி வெச்சுக்கோங்களேன்" என்றான் ஜெபராஜ். பட்டி ஊராச்சு, ஊர் பட்டணமாச்சு, கப்பல் வந்தது, கோயில் கோயிலாக எழும்பியது. ஊர் பெருக்கப் பெருக்கப் பெயரும் பெருத்தது. பாதிரியார் ஒரு மாதிரி எழுதினார், வரி வாங்க வந்தவன் இன்னொரு மாதிரி எழுதினான், நடுவில் ஒற்றை எழுத்து இரட்டையானது, வாலில் ஒன்று முளைத்தது. அப்புறம்தான் கடலுக்கு அந்த ஊர் ருசித்துவிட்டது. அது தெருத்தெருவாகத் தின்ன ஆரம்பித்தது. தெரு போகப் போக ஜனம் குறைந்தது, ஜனம் குறையக் குறையப் பெயரை நீட்டி எழுத ஆளில்லாமல் எழுத்தும் உதிர்ந்தது. கடைசியில் கட்டையாக ஒரு பெயரும் ஒரே ஒரு வீடும் மிஞ்சி, அந்த வீடும் போனபோது, அந்த வீட்டுக்காரனின் பேரன் கப்பலேறி வந்து, இந்த மலையில் காட்டை அழித்துத் தேயிலை போட்டு, தாத்தாவின் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினான். அதுதான் முதல் துரை.

துரை போன பிறகு பெயர் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. பெட்டியில் இடம் பத்தவில்லை என்று ஒரு குமாஸ்தா நறுக்கினான், பெயின்டர் ஒருத்தன் ஞாபகத்தில் இருந்ததை எழுதினான், பஸ்காரன் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டான். யாரும் சண்டை போடவில்லை, யாருக்கு நஷ்டம்? ஆனால் கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருத்தர் எஸ்டேட்டை வாங்கின வருஷம் தேயிலை விலை பாதாளத்துக்குப் போய்விட, அவர் பெயரியல் ஜோசியர் ஒருத்தரைக் காரில் வைத்துக் கூட்டிவந்தார். ஜோசியர் இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் கூட்டிப் பார்த்து, "எட்டு வருது, எட்டு ஆகவே ஆகாது, நடுவுல ஒரு எழுத்தை இரட்டிச்சு வால்ல ஒரு ஈ போடுங்க, ஆறாயிரும், அப்புறம் பாருங்க" என்றார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் புதுப் பலகை ஏறியது. திங்கட்கிழமை கடல் வந்தது. அந்தப் பட்டணம் செழித்துக் கிடந்த காலத்தில் எப்படி எழுதினார்களோ அச்சு அசல் அதே பெயர் என்பதும், மிச்சத்தைத் தின்னத் தேடித் திரிந்த கடலுக்கு விலாசம் கிடைத்துவிட்டது என்பதும் ஜெபராஜ் கட்சி. வனப்பேச்சிக்குப் பொங்கல் வைக்காமல் விட்ட குற்றம் என்பது டீக்கடைக்காரர் கட்சி. நாலு ஆம்பளைகள் எதற்கும் இருக்கட்டும் என்று பலகையில் ஏறி அந்த ஈயைக் கல்லால் சுரண்டிப் பார்த்தார்கள். கடல் அசையவில்லை. வீட்டைக் கண்டுபிடித்துவிட்ட கடன்காரன் கதவு நம்பரை அழித்தால் போய்விடுவானா?

சரி, வந்தது வந்துவிட்டது, அதோடு பிழைக்கத்தானே வேண்டும். அதில் மொட்டப்பாறை ஜனங்களை யாரும் மிஞ்ச முடியாது. உப்புக்காற்றுப் பட்டதும் தேயிலைக் காட்டில் அட்டை ஒழிந்தது. ஆயுசு முழுக்கக் கெண்டைக்காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தடவி அலுத்த பொம்பளைகள், இதுக்காகவே கடலுக்கு ஒரு சூடம் கொளுத்தலாம் என்றார்கள். கொழுந்து உப்புக் கரித்தது, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் திட்டினார்கள், பிறகு வடக்கத்தி வியாபாரி ஒருத்தன் அதுதான் வேண்டும் என்று கேட்டதும் திட்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். சாயங்காலமானால் யானைகள் குட்டியும் குடும்பமுமாக இறங்கி வந்து, பாறையில் காய்ந்த உப்பை நக்கிவிட்டு, யாரையும் ஒன்றும் செய்யாமல் போயின. தேயிலைத் தூரில் நண்டு வளை தோண்டியது. காட்டிலாகா ஜீப் வந்தது, "கடல் எங்க டிபார்ட்மென்ட் கிடையாது" என்றது. மீன்துறை ஜீப் வந்தது, "இவ்வளவு உயரத்துல இருக்கிறது கடலா இருக்க சட்டத்துல இடமில்ல" என்றது. ரெண்டு ஜீப்பும் நெத்திலி வாங்கிக்கொண்டு போயின. வெள்ளம் ஏறுகிற நேரமும் வடிகிற நேரமும் பெரட்டுச் சங்குக்கு முன்னாலேயே பொம்பளைகளுக்கு மூக்கில் தெரிந்தது.

ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மண் சரிந்தது. ஏறுகிற தண்ணீர் ஒரு நிரைச் செடியைக் கடித்துக்கொண்டு இறங்கும். கீழ் லயத்து வரிசை வீடுகள் விரிசல் கண்டு, ஒரு மத்தியானம் சோற்றுப்பானையோடு சரிந்தன. நல்லவேளை, எல்லாரும் காட்டில் இருந்தார்கள். கீழ் லயத்து ஆட்கள் மேல் லயத்தில் வீட்டுக்கு ரெண்டு குடும்பமாக நெருக்கிக்கொண்டார்கள். சரிந்து போன செடிகளை ஆபீசில் பழைய செடி என்று எழுதிக் கழித்தார்கள். எல்லாரும் வீட்டை நினைத்து, வேலையை நினைத்துப் பயந்தார்கள். சீனித்தாய்க்கு அந்த மூலை ஒன்றுதான் பயம். தினமும் வேலை முடிந்ததும் போய், அலைக்கும் பூத்த செடிக்கும் நடுவில் எத்தனை நிரை மிச்சமிருக்கிறது என்று பார்ப்பாள், பார்த்துவிட்டு வந்து அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை எடுத்து மேலே எங்கேயாவது வைத்துவிடலாம் என்று, அவளும் புருஷன் மூக்கையாவும் மண்வெட்டியோடு போனார்கள். மூக்கையா அழுதுகொண்டே வெட்டினான். முழங்கையளவு போயிற்று, இடுப்பளவு போயிற்று, அங்கே பிள்ளையும் இல்லை, பிள்ளையைச் சுற்றின சேலைத்துணியும் இல்லை. எல்லாம் வேர். மயிர்போல மெல்லிசும் விரல்போலத் தடிப்புமாக, ஒரு பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு இடத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேர் கிடந்தது. சீனித்தாய் குழிக்குள் இறங்கி அதைத் தொட்டுப் பார்த்தாள். "வெட்டாதீங்க" என்றாள். "இது இப்போ மண்ணு வேற அவ வேற இல்ல." வளர்ந்த தேயிலையை வேரோடு பிடுங்கி நட்டால் பட்டுப்போகும் என்பது அந்த மலையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரெண்டு பேரும் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் மூக்கையாவுக்கு அந்த யோசனை வந்தது. அவனுக்கு முன்னால் அவன் ஆத்தாளுக்கு மூன்று பிள்ளை பிறந்து தங்கவில்லை. தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு என்ன செய்வார்கள்? குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, மூக்கைக் குத்தி, அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, குப்பன், பிச்சை, மூக்கன் என்று ஈனமாக ஒரு பெயரை வைத்துவிடுவார்கள். எமன் வந்து பார்ப்பான், 'சீ, எவன் வீட்டுக் கழிசடை இது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். மூக்கையா அப்படித் தங்கினவன். அவன் இடது மூக்கில் துளை இப்போதும் இருந்தது.

"எமனை ஏமாத்தினது, இந்தக் கடல ஏமாத்தாதா?" என்று கேட்டான். "நல்ல பேரு வெச்சுத்தானே இழுத்துட்டு வந்தாக. நாம கெட்ட பேரா வெப்போம்."

மறுநாள் பெரட்டுக் களத்தில் சொன்னான். சிரிப்பார்கள் என்று நினைத்தான், ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு குப்பம்மாளோ ஒரு பிச்சையோ இருந்தார்கள், எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். வாங்குவதற்கு வெளியாள் வேண்டும் என்று, டவுனில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்த மைதீன் ராவுத்தரைப் போய்க் கேட்டார்கள். "மலைய வாங்கி நான் எந்த அலமாரியிலப்பா வைக்கிறது?" என்று கேட்டாரே தவிர, மனுஷன் தட்டவில்லை, அடுத்த பஸ்ஸில் தவிட்டு மூட்டையோடு வந்து இறங்கினார். ஒரு மலையைக் குப்பையில் புரட்ட முடியாது என்பதால் ஸ்டோரில் கழிக்கிற தேயிலைக் குப்பையைக் கூடைகூடையாகச் சுமந்து வந்து மலையின் மேல் இறைத்தார்கள். மலைக்கு மூக்கு எது என்று கொஞ்சம் தகராறு வந்து, கடைசியில் உச்சிப் பாறையில் பிதுங்கி நிற்கிற இடம்தான் மூக்கு என்று முடிவாகி, அதில் உளி வைத்துத் துளை போட்டு ஒரு பித்தளைத் திருகாணியை அடித்து இறக்கினார்கள். விற்கிற தாய், பிள்ளையைப் பறிகொடுத்தவளாக இருக்கவேண்டும் என்று சீனித்தாயை உட்காரவைத்தார்கள். ராவுத்தர் அவள் மடியில் ஒரு முறம் தவிட்டைக் கொட்டினார்.

"எனக்கு வேண்டாம் இந்தக் கழிசடை, நீங்க கொண்டுபோங்க" என்றாள் சீனித்தாய்.

"எனக்குந்தான் வேண்டாம், இங்கனயே கெடந்து அழுவட்டும்" என்றார் ராவுத்தர்.

குப்பைமேடு என்று மூன்று தரம் கூவினார்கள். முடிந்தது.

கடல் நின்றுவிட்டது. வெள்ளம் ஏறியது, வடிந்தது, ஆனால் ஒரு பிடி மண் சரியவில்லை. செண்பகத்தின் செடிக்குக் கீழே இன்னும் ரெண்டு நிரை மிச்சமிருந்தது. எல்லாரும் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுதுகொண்டே மலையைத் திட்டினார்கள், ஏனென்றால் இனிமேல் அதை நல்லதாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அது முதல் அங்கே பேச்சே மாறிப்போனது. காலையில் கதவைத் திறக்கும்போதே "சீ, நாசமாப் போற மேடு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாசல் தெளிப்பார்கள். பெண் பார்க்க வந்த உடுமலைப்பேட்டைக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "ஆகா, என்ன அழகு, என்ன காத்து" என்று வாயைத் திறக்க, பெண்ணின் தகப்பனே பாய்ந்து மாப்பிள்ளையின் வாயைப் பொத்தினான். சம்பந்தம் முறிந்தது. பெண்ணும் கவலைப்படவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் சீனித்தாய் திட்டவில்லை. சாயங்காலம் செடியண்டை போய், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

"அதையும் நாலு வார்த்தை சொல்லி வெச்சிரு புள்ள" என்பான் மூக்கையா. "காவலாத்தானே சொல்றோம்."

"எம்புள்ள தலைச்சன்" என்பாள். "அவளுக்கு முந்தி எனக்கு எதுவும் சாகல. அவளத் தவிட்டுக்கு விக்க வேண்டிய அவசியமே எனக்கு வரல. உசுரோட இருந்தப்போ சனியன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல, இப்போ சொல்லுவனா?"



இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். யார் விட்டார்கள்? கடல் நின்ற சேதி கோயம்புத்தூருக்குப் போனது. முதலாளியின் மகன் வந்தான். மலைமேல் ஒரு கடல், அதுவும் அடக்கமாக, இருந்த இடத்தில் இருக்கிற கடல், யானை வந்து உப்பு நக்குகிற கடல். அவன் கண்ணுக்கு அது கடலாகவா தெரியும்? ஏழாம் நம்பர் காட்டின் மேல்பாதியில் கண்ணாடி வீடுகள் எழும்பின. கரையோரத்தில் ஆளுயர எழுத்துகளில், எவர்சில்வரில், உள்ளே விளக்கெரிகிற மாதிரி, பழைய பட்டணத்தின் முழுப் பெயரையும் நிறுத்தப்போகிறார்கள் என்று ஜெபராஜ் வந்து சொன்னான். ஜோசியரையும் கேட்டாயிற்றாம். கூட்டிப் பார்த்ததில் அமோகமாக இருக்கிறதாம்.

பத்துப் பதினைந்து பேர் மேனேஜர் பங்களாவுக்குப் போனார்கள். மேனேஜர் கிருபாகரன் சின்ன வயசு, மரியாதைப்பட்ட பையன், எல்லாருக்கும் டீ கொடுக்கச் சொன்னான்.

"சார், தவிட்டுக்கு வித்த புள்ளய ஊரக் கூட்டி மேளம் அடிச்சு எம்புள்ளன்னு சொன்னா, அன்னிக்கே அள்ளிட்டுப் போயிரும் சார்" என்றான் மூக்கையா.

"புரியுதுங்கண்ணா. ஆனா ஒரு பேர் வைக்கிறதுல என்னங்கண்ணா ஆயிரப்போவுது?"

சீனித்தாய் டீயைக் கீழே வைத்தாள். "பேருல ஒண்ணுமில்லேன்னா, உங்க மொதலாளி எதுக்கு சார் ஜோசியர வெச்சுக் கூட்டிக் கழிக்கிறாரு?"

கிருபாகரன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். நல்ல பையன்தான். "நான் சொல்லிப் பாத்துட்டேம்மா. இன்னொருக்கா சொன்னா என்னைய மாத்திட்டு வேற ஆளப் போடுவாங்க, அந்த ஆளு உங்களுக்கு டீ கூடக் குடுக்கமாட்டாரு. உங்க பாப்பா செடிய வேணா கெஸ்ட்ஹவுஸ் வாசல்ல கொண்டாந்து வெச்சு, சுத்தி ஒரு கம்பி வேலி போட்டுத் தரச் சொல்றேன்."

"வேரு வராது சார்" என்றாள் சீனித்தாய். டீ கிளாசைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்கள்.

திறப்பு விழா ஒரு பகலில், நல்ல வெயிலில் நடந்தது. சாமியானா போட்டு, பாண்டு வாத்தியம் வைத்து, தொழிலாளிகளுக்கெல்லாம் லீவும் லட்டும் கொடுத்து, ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்கள். மேடையேறினவர்கள் ஒருத்தர் விடாமல் புகழ்ந்தார்கள். இது சொர்க்கம் என்றார் ஒருத்தர், பூலோக வைகுண்டம் என்றார் அடுத்தவர், இந்தியாவிலேயே இப்படி ஒரு மலை கிடையாது என்று மைக்கைக் கடித்தார் மூன்றாமவர். "நாசமாப் போற மேடு" என்று மூக்கையா முணுமுணுத்தான். அடுத்து நின்றவர் "குப்பைமேடு, வெறும் குப்பைமேடு" என்றார். பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தரித்திரம் பிடித்த மலை, ஒன்றுக்கும் உதவாத மலை என்று ஜெபம் மாதிரி ஓயாமல் சொன்னார்கள். மேடையில் சொர்க்கம் என்று சொல்லச் சொல்ல, கீழே நரகம் என்று முணுமுணுப்பு ஏறியது. செக்யூரிட்டிக்காரன் வந்து, "யம்மா, மைக்ல விழுது, கொஞ்சம் சும்மா இருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள். எழுத்துகள் வெயிலில் பளபளவென்று கண்ணைக் குத்தின. முதலாளி மகன் பெயரை மைக்கில் வாய் நிறையச் சொன்னான், கூட்டத்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னான், கூட்டம் சொன்னது.

கடல் அதைக் கேட்டது. அவசரப்படாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வருகிற பெரிய மனுஷன் மாதிரி, அப்படியே நிமிர்ந்து நடந்து வந்தது. விருந்தாளிகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று கை தட்டி, போனைத் தூக்கிப் படம் பிடித்து, முன்வரிசை நாற்காலிகள் மிதக்க ஆரம்பித்த பிறகுதான் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். மூக்கையா திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் சீனித்தாய் இல்லை.

அவள் தேயிலைக்கு நடுவே குறுக்காக விழுந்து எழுந்து ஓடி, கீழே மிச்சமிருந்த ரெண்டு நிரையும் சரிந்து முடிகிறபோது செடியண்டை போய்ச் சேர்ந்தாள். செடிக்கு முதுகைக் காட்டி, கடலுக்கு முகத்தைக் காட்டி, கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"இது எம்புள்ள இல்ல!" என்று கத்தினாள். "இது தவிட்டுக்கு வாங்குனது! அதுவும் வேண்டாம்னு தூக்கிப் போட்டது! இதுக்குப் பேரு கெடையாது!"

அலை அவள் காலடிக்கு வந்து நின்றது. நிஜமாகவே நின்றது. மேலேயிருந்து ஓடிவந்த மூக்கையாவும், அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் பார்த்தார்கள். நுரை அவள் கால்விரலுக்கு முன்னால் ஒரு கோடாக ஒதுங்கி, சொல்வதைக் கேட்கிற மாதிரி காத்து நின்றது. சீனித்தாய்க்கு அது புரிந்துவிட்டது. பிள்ளை பிறந்தது முதல் போனது வரைக்கும் சொல்லாத வார்த்தை, போனபிறகும் சொல்லாத வார்த்தை எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். சனியன் என்றாள். மூதேவி என்றாள். என் குடியைக் கெடுக்க வந்தது என்றாள். இதைப் பெற்றதுக்கு ஒரு அம்மிக்கல்லைப் பெற்றிருக்கலாம் என்றாள். கருப்பு, அவலட்சணம், பாதியில் செத்த தரித்திரம், யாருக்கு வேணும் இது, எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டவே வேண்டாம் என்று, மூச்சு வாங்க, மூக்கும் கண்ணும் ஒழுக, தொண்டை கிழிய, பின்னால் பூத்து நிற்கிற செடி கேட்கக் கேட்கச் சொன்னாள். சொல்ல இனி எதுவும் இல்லை என்கிற மட்டும் சொன்னாள்.

கடல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. பிறகு அவளை நனைக்காமல், ரெண்டு பக்கமும் ஒதுங்கி, பின்னால் போய், செடிக்கு அடியில் இருந்த மண்ணை எடுத்தது. செடி சாயவில்லை. பூவோடும் வேரோடும் நின்ற வாக்கிலேயே கீழே இறங்கி, கொஞ்ச தூரம் தண்ணீரில் நிமிர்ந்து போய், அப்புறம் தெரியவில்லை.

மூக்கையா வந்து அவளை இடுப்போடு பிடித்து மேலே இழுத்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டு, மறுபடியும் விளிம்புக்குப் போய் மண்டியிட்டாள். குரல் போயிருந்தது, காற்றுதான் வந்தது.

"செம்பகம்" என்றாள் தண்ணீரைப் பார்த்து. "சும்மா சொன்னேண்டி. அம்மா சும்மாதாண்டி சொன்னேன்."